ரயில் சந்தை அக்கா

அந்த அக்காவோடு கடைக்குப் போவதென்றால் எனக்கு வெட்கமாக இருக்கும். ஜெர்மனியில், பீலெஃபெல்டில் நான் சில வருடங்கள் குடியிருந்த பழைய கட்டடத்தில் நிலத்தோடு இருந்த வீட்டில் அக்காவும் அவருடைய கணவரும் இருந்தார்கள். அதற்கு மேல் மாடி என்னுடையது. அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். முதியோர் இல்லம் ஒன்றில் துணி துவைக்கும் பகுதியில் வேலை. உலகத்தில் விலை குறைக்க முடியாத பொருள் ஒன்று இருக்கலாம் என்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

சுப்பர்மார்க்கெட்டில் நெளிந்த தக்காளி டின்களாகப் பார்த்து எடுப்பார். காசாளரிடம் டின்னைத் திருப்பிக் காட்டி, தன்னுடைய ஜெர்மன் மொழியில் இதற்கு என்ன குறைப்பீர்கள் என்று கேட்பார். அந்தப் பெண் மேலாளரைக் கூப்பிடுவாள். பின்னால் வரிசை நீளும். நான் பக்கத்திலிருக்கும் சூயிங்கம் பெட்டிகளை முதன்முறையாகக் காண்பவள்போலப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆள் போனால் போதும் என்று மேலாளர் கொஞ்சம் குறைத்துவிடுவார்.

"கேட்டால்தானே பிள்ளை தருவாங்கள்," என்பார் வெளியே வந்ததும். "வாயைப் பொத்திக்கொண்டு நிண்டால் ஆர் தருவான்?"

நான் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை செய்தேன். அங்கே வந்து, ஒரே நாளில் இரண்டு பல்லை அடைத்தால் மலிவாகுமா என்று கேட்டார். எங்கள் டாக்டர் அதை நெடுநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கெவலார் மாதா கோயில் திருவிழாவுக்குப் போனபோது மெழுகுதிரி விற்ற ஜெர்மன் பெண்ணிடமும் பேரம் பேசினார். மாதாவுக்குத்தானே, குறைத்தால் என்ன என்று கேட்டார். அவள் விலையைக் குறைக்காமல் ஒரு சின்னத் திரியைச் சும்மா கொடுத்தாள். அக்கா இரண்டையும் ஏற்றினார். சின்னதைக் காட்டி, "இது அந்தப் பிள்ளையின்ர பேரில," என்றார்.

நான் அங்கே குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். படிக்கட்டில் மறித்துக் கேட்டார்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையில உம்மட கார் சும்மாதானே நிக்குது?"

"ஓம் அக்கா. எங்க போகவேணும்?"

"ஹேர்ஃபோர்ட்டுக்கு. அங்க ஒரு றெயின் சந்தை."

மலிவு விலையில் ரயில் டிக்கெட் விற்கும் இடம் என்று நினைத்துக்கொண்டு அழைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் அது ஒரு பெரிய மண்டபம். வாசலில் சக்கரப் பைகளோடு வயதான ஜெர்மன்காரர்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே நீள நீளமான மேசைகளில் விளையாட்டு ரயில்கள், எஞ்சின்கள், பெட்டிகள், தண்டவாளத் துண்டுகள், விரல் நுனி அளவு மனிதர்கள். மேசைக்குக் கீழே வாழைப்பழப் பெட்டிகளில் உடைந்ததும் ஒடிந்ததுமாகக் குவித்து வைத்திருந்தார்கள். வாங்குபவர்கள் முழங்காலில் நின்று அவற்றைக் கிளறினார்கள். எஞ்சின் எண்ணெயும் அவித்த சொசேஜும் கலந்த மணம். எங்கள் இருவரையும் தவிர அங்கே கறுத்த முகம் ஒன்றுமில்லை. பெண்களே குறைவு.

ஆனால் அக்காவை அங்கே பலருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கிழவர் அவரைக் கண்டதும் கொள்ளைக்காரர் வந்ததுபோல இரண்டு கைகளையும் தூக்கிச் சிரித்தார். அக்கா அவரோடு ஒரு பை நிறைந்த பிளாஸ்ரிக் மரங்களுக்குக் கால் மணி நேரம் பேரம் பேசினார். இப்படி மலிவில் வாங்கும் மரங்களையும் வீடுகளையும் தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார். அதனால் நத்தார் நேரத்தில் எங்கள் ஆட்களின் பாலன் குடிலில் இடையர்களுக்கு நடுவே சிவப்புத் தொப்பி போட்ட ஒரு ஜெர்மன் ஸ்டேசன் மாஸ்டரும் நிற்பார்.

பேரம் பேசும்போதே அவருடைய கை வேறொரு வேலை செய்தது. எந்த ரயில் பெட்டியையும் எடுத்து முதலில் தலைகீழாகப் புரட்டினார். அடிப்பக்கத்தைப் பார்த்தார். வைத்தார். அடுத்ததை எடுத்தார். ஒரு மேசையில் மண்ணிறச் சரக்குப் பெட்டி ஒன்றைப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். விற்பவன் விலை சொன்னான். இனிமேல்தான் கூத்து என்று நான் காத்திருந்தேன். அக்கா பேசாமல் காசை எடுத்துக் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏன் அக்கா இதுக்கு மட்டும் ஒண்டும் கேக்கேல்லை?"

கைலேஞ்சியைப் பிரித்துக் காட்டினார். பெட்டியின் அடியில் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு. நகப்பூச்சு.

"இவற்ற பெட்டி. இவர் எல்லாத்துக்கும் மகளின்ர நகப்பூச்சால பொட்டு வைக்கிறவர். இவற்ற றெயின் எல்லாத்தையும் நான் வித்துப்போட்டன்."

அவருடைய கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். சமையலறைத் தளபாடங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வேலை முடிந்து வந்தால் வீட்டுக்கு நேர்கீழே இருந்த நிலவறையில்தான் இருப்பாராம். அங்கே பலகை அடித்து, தண்டவாளம் போட்டு, ஸ்டேசன்கள் கட்டி வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் சிலர் வந்து பார்த்துவிட்டு யாழ்தேவி ரயிலைச் செய்யலாமே, தலைமன்னார் இறங்குதுறையைக் கட்டலாமே என்றிருக்கிறார்கள். அண்ணைக்கு அதில் விருப்பமில்லை. அவருக்கு ஜெர்மன் ரயில்தான் வேண்டும். அகதியாக வந்து, வேறு ஊருக்குப் போகவே அனுமதி கேட்கவேண்டியிருந்த காலத்தில், விடுதி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த ரயில்கள் அவை. வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் அவர் முதலில் வாங்கியது ஒற்றைப் பெட்டியாக ஓடும் ஒரு சிவப்பு ரயில்.

நான் குடிவருவதற்கு முந்தைய வருடம் அண்ணைக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கும் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே இருந்தபோது அக்கா விளம்பரம் ஒன்றைப் பார்த்து வியாபாரி ஒருவனைக் கூப்பிட்டார். அவன் வான் வண்டியோடு வந்து நிலவறையைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போனான்.

"அவன் ஒரு விலை சொன்னான். நான் ஓம் எண்டுட்டன்," என்றார் அக்கா. "முதல் சொன்ன விலைக்கே."

அண்ணை வீட்டுக்கு வந்தார். பேச்சு இழுத்து இழுத்து வந்தது. வலது கை மடங்கியே இருந்தது. ஒரு நாள் நிலவறையைப் பார்க்கவேண்டும் என்றபோது அக்கா சொல்லிவிட்டார். அண்ணை ஏசவில்லை. "சரி," என்று மட்டும் சொன்னாராம். அந்தச் சரியைக் கேட்ட பிறகுதான் அக்கா ரயில் சந்தைகளுக்குப் போகத் தொடங்கினார். அந்த வியாபாரி எல்லாவற்றையும் பிரித்து நாலு பக்கமும் விற்றிருந்தான். அவை மின்டனிலும் பாடர்போர்னிலும் ஹனோவரிலும் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில், மனுசன் ஆஸ்பத்திரியில் கிடக்க அவருடைய சாமானை விற்றவள் என்று பெண்கள் அவர் காதுபடவே பேசினார்கள். அக்கா திரும்பிப் பார்க்காமல் சோறு பரிமாறுவார்.

"ஏன் அக்கா வித்தனீங்கள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கோவத்திலதான். எத்தினை வருசமா நான் மேல, அவர் கீழ."

ஊரும் அப்படித்தான் நம்பியது. நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நாங்கள் எங்காவது போவோம். பொட்டு வைத்த ஒன்று கிடைத்த நாளில் அக்கா என்னையும் வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார். அண்ணைக்கு முன்னால் அதை வைத்து, "இது உங்கடதோ எண்டு பாருங்கோ," என்பார். அண்ணை இடது கையால் மெதுவாகப் புரட்டிப் பார்த்து, "ஓம்," என்பார். அக்கா அதைக் கண்ணாடி அலுமாரியில் வைப்பார். கலியாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகளை எடுத்துவிட்டு அந்தத் தட்டுகளை ரயிலுக்கு ஒதுக்கியிருந்தார். அண்ணையின் கதிரை மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். அலுமாரி அவருடைய முதுகுக்குப் பின்னால்.

ஒரு பனிக்காலத்தில் பாடர்போர்னிலிருந்து வெறுங்கையோடு திரும்பினோம். பெட்ரோல் அடித்துவிட்டு வந்து நான் காரைக் கிளப்பப்போனபோது அக்கா, "கொஞ்சம் நில்லும்," என்றார். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அண்டைக்குச் சனிக்கிழமை. ஒரு பிள்ளையின்ர பிறந்தநாளுக்குப் போக வெளிக்கிட்டம். இவர் வரேல்லை எண்டார். போய் உங்கட றெயினோடயே இருங்கோ எண்டு சொல்லிப்போட்டன். கீழ போயிட்டார். எனக்கும் போக மனமில்லை. வீட்டிலதான் நிண்டன். தேத்தண்ணிக்குக் கூப்பிடேல்லை. சமைச்சன், உடுப்பு அயன்போட்டு மினுக்கினன், சாப்பாட்டுக்கும் கூப்பிடேல்லை. பசிச்சால் வரட்டும் எண்டிருந்தன். இருட்டினாப் பிறகுதான் இறங்கிப் போனன். நிலத்தில கிடந்தார்."

நான் சாவியிலிருந்து கையை எடுத்தேன்.

"டொக்ரர் சொன்னார், நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தால் கை தப்பியிருக்கும் எண்டு. நான் பிறந்தநாளுக்குப் போயிட்டு இப்பதான் வந்தனான் எண்டு சொன்னன். அம்புலன்ஸ்காரருக்கும் அதுதான், மகளுக்கும் அதுதான், இவருக்கும் அதுதான். பிறகு அந்த அறைக்குள்ள காலெடுத்து வைக்க எனக்கு ஏலாமல் போச்சு. அதுதான் எல்லாத்தையும் வித்தனான். கோவத்தில இல்லை, பிள்ளை."

சரி, வீட்டுக்குப் போவோம் என்றார். வழியில் வேறு எதுவும் பேசவில்லை. மறுநாள் படிக்கட்டில் கண்டபோது தக்காளி டின் மலிவுவிலையில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்.

அது நடந்து சில வாரங்களில் அண்ணை என்னைக் கூப்பிட்டார். அக்கா வேலைக்குப் போயிருந்தார். அண்ணையின் மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் பிரித்து வைக்க நான் சில நாட்களில் போவதுண்டு. அண்ணை சொல்ல நினைத்ததைச் சொல்ல நேரம் எடுத்தது. ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துப் பிடித்து இழுத்தார்.

"அவவைக் கூட்டிக்கொண்டு போகாதையும்."

"ஏன் அண்ணை?"

இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்தார். "இது பிடிக்காது. ஒரு பெட்டியைத் தண்டவாளத்தில ஏத்தி வைக்க இதால ஏலாது. அவ கொண்டுவந்து வைக்கிறா. நான் ஓம் எண்டு சொல்லிறன். ஒவ்வொரு தரமும் எனக்குக் கை போகுது. கார் பழுது எண்டு சொல்லும்."

சொல்லியிருக்கலாம். சின்னப் பொய்தான். ஆனால் அக்கா சொன்ன பொய்யும் என்னிடம்தான் இருந்தது. இன்னொன்றையும் சுமக்க எனக்கு மனம் வரவில்லை. "நீங்களே சொல்லுங்கோ அண்ணை, நான் இடையில நிக்கேல்லை," என்றேன். ஒழுங்கான காரியம் செய்ததாகத்தான் அப்போது நினைத்தேன்.

அண்ணை யோசித்துவிட்டு, "அப்ப அடுத்த முறை என்னையும் ஏத்திக்கொண்டு போம்," என்றார்.

அவர் வருகிறார் என்று கேட்டதும் அக்காவுக்குத் தலைகால் தெரியவில்லை. அவருக்குப் புதுச் சட்டை மினுக்கினார். பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றினார். மண்டபத்துக்குள் அண்ணை நடக்க உதவும் தன்னுடைய தள்ளுவண்டியைப் பிடித்து மெதுவாக நடந்தார். நடுவில் ஒரு சங்கத்துக்காரர்கள் பெரிய மேசையில் மலையும் பாலமும் ஊருமாகக் கட்டி ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணை தள்ளுவண்டியின் இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். அக்கா வழக்கம்போல மேசைகளுக்குள் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து எதையோ ஏந்திக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது. கைப்பையைக் காணவில்லை. சாமானைக் கணவருக்குக் காட்டிவிட்டு வருவதற்கு அதை விற்பவனிடம் பிணையாக விட்டுவிட்டு வந்திருந்தார்.

"இஞ்ச பாருங்கோ. உங்கட முதல் றெயின்."

சிவப்பு நிற ஒற்றைப் பெட்டி. ஒரு மூலையில் நிறம் உரிந்திருந்தது. அக்கா அதைப் புரட்டிக் காட்டினார். ஊதாப் பொட்டு. எத்தனை மண்டபங்களில் அதை எதிர்பார்த்து எத்தனை ரயில்களைப் புரட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணை அதைக் கையில் வாங்கவில்லை. "வேண்டாம்," என்றார்.

"உங்கடதுதான். பொட்டைப் பாருங்கோ."

"தெரியும். கொண்டுபோய்க் குடு. இனி ஒண்டும் வாங்காத."

அக்கா என்னைப் பார்த்தார். நான் மலைக்குள் நுழைகிற ரயிலைப் பார்த்தேன். அக்கா குனிந்து, அவருடைய தள்ளுவண்டியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டார். சனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நான் அண்டைக்குப் பிறந்தநாளுக்குப் போகேல்லை," என்றார். "வீட்டிலதான் நிண்டனான். கீழ வந்து பார்த்திருக்கவேணும்."

"தெரியும்," என்றார் அண்ணை.

அக்காவுக்கு விளங்கவில்லை. "என்ன தெரியும்?"

"மேல நீ நடக்கிறது கேட்டது. குசினிக்குப் போறாய், வாறாய். குழாயைத் திறக்கிறாய்." நிறுத்தி மூச்செடுத்தார். "கூப்பிடப் பார்த்தன். நாக்கு வரேல்லை."

"பிறகேன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

அண்ணை அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. அக்காவின் கையில் இருந்த ரயிலைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ மேல நிக்கிறாய் எண்டு தெரிஞ்சபடியால் நான் பயப்பிடேல்லை. இப்ப வருவாள், இப்ப வருவாள் எண்டு பயமில்லாமல் கிடந்தனான்."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவர் அதைச் சொன்னார். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அக்கா தள்ளுவண்டியிலிருந்து கையை எடுத்தார். பிறகு போய்ச் சிவப்பு ரயிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைப்பையை வாங்கிக்கொண்டு வந்தார். பிளாஸ்க்கைத் திறந்து மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

திரும்பும் வழியில் அண்ணை முன்னிருக்கையில் நித்திரையாகிவிட்டார். பின்னாலிருந்து அக்காவின் குரல் மெதுவாக வந்தது.

"ஏசியிருந்தால் ஒரு நாளோட முடிஞ்சிருக்கும், பிள்ளை."

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன்.

"பயமில்லாமல் கிடந்தாராம். இதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அண்ணை கேட்டபோதே கார் பழுது என்று சொல்லியிருந்தால் அவர் அந்த மண்டபத்துக்கு வந்திருக்கமாட்டார். அந்தச் சொல்லும் வெளியே வந்திருக்காது. அதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அதைச் சொன்ன அண்ணை பாரம் இறங்கியவராகத்தான் தெரிந்தார். கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு டி.வி. பார்த்தார். என்னோடு பகிடிவிட்டார். அலுமாரியில் இருந்த ரயில்களை அக்கா கோயில் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது, எந்தப் பெட்டி எந்த எஞ்சினுக்குப் பின்னால் வரவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்தார்.

அக்காதான் மாறிப்போனார். வீட்டுக்குள் செருப்புப் போடுவதை விட்டுவிட்டார். அந்தக் குளிரிலும் கால்மேசோடு, அடி எடுத்து வைப்பதே தெரியாமல் நடப்பார். குழாயைக்கூட மெல்லத்தான் திறப்பார். தன்னுடைய காலடிச் சத்தம் தனக்கே கேட்கக்கூடாது என்பதுபோல. அதனால் ஆள் எங்கே நிற்கிறார் என்று அண்ணைக்குத் தெரிவதில்லை. அறையிலிருந்து அவர், "எங்க நிக்கிறாய்?" என்று கேட்பதும், அக்கா போட்டது போட்டபடி ஓடிப்போய், "இஞ்சதான் நிக்கிறன்," என்பதும் மேலே என் வீட்டுக்குக் கேட்கும். ஒரு நாளில் எத்தனையோ தடவை.

பிறகு மகள் அவர்களைத் தன்னோடு ஹனோவருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற அன்று நானும் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தேன். அண்ணையை முன்னால் ஏற்றிப் பட்டியைக் கட்டினோம். அக்கா பின்னால் சாமான்களுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணைக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது.

"ஏறிட்டியோ?" என்று கேட்டார்.

"ஏறிட்டன்," என்றார் அக்கா. அவருக்குக் கேட்டதோ என்று தெரியாமல், முன்னால் குனிந்து, அவருடைய தோளில் கையை வைத்து, இன்னும் ஒருமுறை சொன்னார்.